வீடு 7 லட்சம், நிலம் 20 லட்சம்

வணக்கம் மக்களே. பின்னாடி ஒரு சத்தம் கேக்குதுல்ல? மாடில ஹவுஸ் ஓனர் வீட்டு கிரைண்டர். அது நிக்கறதுக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும். பவர் கட் வர்றதுக்குள்ள நானும் பேசி முடிக்கணும். அதனால இன்னிக்கு கிரைண்டரோட சேர்ந்துதான் இந்த வீடியோ.

போன வாரம் "சின்ன வீடு பத்தி வீடியோ போடட்டுமா"ன்னு கேட்டு ஒரு போஸ்ட் போட்டேன். என் தப்புதான். வந்த கமென்ட்ல பாதிய அம்மாகிட்ட காட்ட முடியாது. அதனால இனிமே கடைசி வரைக்கும் டைனி ஹவுஸ்னுதான் சொல்லுவேன், தமிழ்ல சொல்லலைன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

நெறைய பேர் அனுப்பினது அந்த ஆட்டோ வீட்டு போட்டோ. நாமக்கல்காரர், அருண் பிரபுன்னு ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் பண்ணது. ஆட்டோ மேல 6 அடிக்கு 6 அடி, மொத்தம் 36 சதுர அடி. அதுக்குள்ள படுக்கை, அடுப்படி, குளிக்கிற இடம், தண்ணி டேங்க், சோலார் பேனல், மேல ஏறி உக்கார குட்டியா ஒரு மொட்டை மாடி. செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். எனக்கு பயங்கரமா பிடிச்சுது. அம்மாகிட்ட போட்டோவைக் காட்டினேன். எட்டிப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அதெல்லாம் சரி, ராத்திரி இதை எங்கடி நிறுத்துவாக?"

நான் ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்த விஷயத்தை அம்மா ரெண்டு செகண்டுல கேட்டுட்டாங்க.

அமெரிக்காவுல இந்த டைனி ஹவுஸ் அலைய கிளப்பி விட்டவங்கள்ல ஜே ஷேஃபர்னு ஒருத்தர் முக்கியமானவர். 1999-ல அயோவா மாநிலத்துல 100 சதுர அடிக்கும் கம்மியா ஒரு வீட்டைக் கட்டி அதுல குடியேறினார். அந்த வீட்டுக்கு சக்கரம் இருந்துச்சு. ஊர் சுத்தறதுக்குன்னு நினைக்காதீங்க. அங்க பல ஊர்கள்ல வீடுன்னா குறைஞ்சது இவ்வளவு சதுர அடி இருக்கணும்னு விதி. அதுக்குக் கீழ கட்டினா அனுமதி கிடையாது. சக்கரம் மாட்டிட்டா? அது வீட்டுக் கணக்குல வராது, வண்டிக் கணக்குல போயிடும். யூடியூப்ல மலையடிவாரத்துல நிக்குதே அழகழகா சக்கர வீடு, அந்த சக்கரத்துக்குப் பின்னாடி இப்படி ஒரு கதை இருக்கு. 2018-லதான் அங்க குடியிருப்புக் கட்டட விதிகள்ல டைனி ஹவுஸுக்குன்னு தனியா ஒரு பின்னிணைப்பு சேர்த்தாங்க. 400 சதுர அடியோ அதுக்குக் கீழயோ இருந்தா டைனி ஹவுஸ்.

400 சதுர அடியாம்! நான் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேனே, இந்த வாடகை வீடு 380. கலைஞர் கனவு இல்லம்னு 2024-ல கொண்டு வந்த திட்டத்துல வீடு 360 சதுர அடி. மத்திய அரசோட கிராமப்புற வீட்டுத் திட்டத்துல குறைஞ்சபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. அங்க ஒரு ஆளு பொருளையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, மனசு லேசாயிடுச்சுன்னு வீடியோ போடற அளவுல, இங்க மாமியார், மருமக, ரெண்டு பிள்ளைங்க, தையல் மெஷின், ஒரு பீரோ எல்லாம் இருக்கு. நமக்கு டைனி ஹவுஸ் யாரும் கத்துக்கொடுக்க வேண்டியதில்ல.

சேர்ந்து வாழறதும் புதுசு இல்ல. நான் பிறந்தது மதுரைல ஒரு காம்பவுண்ட் வீட்டுல. திருநெல்வேலிப் பக்கம் வளவுன்னு சொல்லுவாங்க, கோயம்புத்தூர்ல லைன் வீடு, சென்னைல ஸ்டோர், ஒண்டுக்குடித்தனம். எங்க காம்பவுண்ட்ல எட்டுக் குடித்தனம், நடுவுல ஒரு முற்றம், ஒரு அடிகுழாய், கடைசில ரெண்டு கக்கூஸ். காலைல ஆறரைக்கு அந்த வரிசைல நின்னவங்களுக்குத்தான் தெரியும். பரீட்சை அன்னிக்கு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைங்கள முன்னாடி விடுவாங்க, அது எழுதப்படாத சட்டம். அம்மா வேலைக்குப் போனா நான் அடுத்த வீட்டுல சாப்பிட்டுடுவேன். யாருக்காவது காய்ச்சல்னா எட்டு வீட்டுலயும் கஷாயம் கொதிக்கும். இப்ப வெளிநாட்டுல கோ-ஹவுசிங்னு சொல்லி பொதுச் சமையலறை, பொது முற்றம் வெச்சுக் கட்டறதைப் பாக்கும்போது எனக்கு அந்த அடிகுழாய்ச் சத்தம்தான் கேக்கும்.

ஆனா முழுசா இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன். அந்த காம்பவுண்ட்ல வீடு காலின்னு போர்டு தொங்கும். யாராவது வந்து கேட்டா, ஓனர் முதல்ல கேக்கறது வாடகையப் பத்தி இருக்காது. "நீங்க என்ன ஆளுக?" அந்தக் கேள்வியோட திரும்பிப் போனவங்களை நான் சின்னப் பிள்ளையா திண்ணைல உக்காந்து பாத்திருக்கேன். கூடி வாழ்றோம்னு சொல்றோமே, அந்த "கூடி"ல யாரு இருக்கா, யாரு இல்லங்கறதையும் சேர்த்துத்தான் பேசணும்.

அதனாலதான் எனக்கு சமத்துவபுரம் மேல ஒரு மரியாதை உண்டு. முதல் சமத்துவபுரம் எங்க மாவட்டத்துலதான், திருமங்கலம் பக்கத்துல மேலக்கோட்டை, 1998-ல. ஒரு ஊருக்கு 100 வீடு. தாழ்த்தப்பட்டவங்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 25, மத்தவங்களுக்கு 10. பக்கத்துப் பக்கத்துல கலந்து குடி வெச்சாங்க. சுடுகாடும் பொது. குறை நூறு சொல்லலாம். ஆனா அங்க கவனிச்சுப் பாருங்க, வீட்டோட சேத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 சென்ட் நிலம். ஓட்டு வீட்டைப் பின்னாடி இழுத்துக் கட்டலாம், ஆடு கட்டலாம், முருங்கை வைக்கலாம்.

இப்ப என் சொந்தக் கதை. நானும் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து ஆறு பேர். செங்கல்பட்டு தாண்டி 24 சென்ட் நிலம் வாங்கி, ஆளுக்கு 300 சதுர அடில ஒரு வீடு, நடுவுல பொதுவா ஒரு பெரிய அடுப்படி, ஒரு கூடம், ஒரே ஒரு வாஷிங் மெஷின். பிளான் பேப்பர்ல தேவலோகம் மாதிரி இருந்துச்சு. எலிப்பொறிக் கட்டுன்னு ஒண்ணு இருக்கு, திருவனந்தபுரத்துல இருந்த லாரி பேக்கர்ங்கற ஆர்க்கிடெக்ட் பரப்பினது. செங்கல்லைப் படுக்க வைக்காம நிமித்தி வெச்சு, நடுவுல காலி விட்டுக் கட்டறது. செங்கல் கால்வாசி மிச்சம், வெயிலும் உள்ள இறங்காது. எங்க கொத்தனார் முதல்ல சிரிச்சார், அப்புறம் ஒரு சுவர் கட்டிப் பாத்துட்டு ஒத்துக்கிட்டார். வீட்டுக்கு 7 லட்சத்துல முடிச்சுடலாம்னார்.

சந்தோஷமா நிலத்துக்காரர்கிட்ட போனோம். சென்ட் 5 லட்சம்.

கணக்குப் போடுங்க. ஆளுக்கு 4 சென்ட், 20 லட்சம். வீடு 7, நிலம் 20. நான் செங்கல்லை நிமித்தி வெச்சு மிச்சம் பிடிச்ச காசு, வரப்புல ஒரு முழத்துக்குக் கூட காணாது. சரி, கடன் வாங்கலாம்னு ஒரு பேங்குக்குப் போனா, அந்த அதிகாரி நல்லவர்தான், பொறுமையா சொன்னார். அடுக்குமாடின்னா நிலத்துல பிரிபடாத பங்குக்குக் கடன் தருவோம், தனித்தனி வீடுன்னா தனித்தனி மனை வேணும். தனித்தனி மனைன்னா லேஅவுட் அனுமதி வேணும். லேஅவுட்னா உள்ள ரோடு விடணும். ரோடு விட்டா நாலு சென்ட் எங்க மிஞ்சும்? பொது அடுப்படி யார் பேர்ல இருக்கும்னு அவர் கேட்டப்போ நாங்க ஆறு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தத் தேடல். மத்த ஊர்ல இந்த நிலத்தை என்னதான் பண்றாங்க?

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல யூஜின்னு ஒரு ஊர். அங்க எமரால்ட் வில்லேஜ்னு 22 டைனி ஹவுஸ், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல இருக்கற நிலத்துல. பொதுக்கூடம், துணி துவைக்கிற இடம் எல்லாம் பொது. குறைஞ்ச வருமானக்காரங்க, வீடு இல்லாம இருந்தவங்க வாழறாங்க. வீடு அழகுதான், ஆனா எனக்கு அதோட பத்திரம்தான் அழகு. நிலம் ஸ்கொயர்ஒன் வில்லேஜஸ்ங்கற லாப நோக்கமில்லாத அமைப்போட கைல. குடியிருக்கறவங்க எல்லாரும் ஒரு கூட்டுறவுச் சங்கம், அதுல ஆளுக்கொரு பங்கு. கிளம்பணும்னா பங்குக்காசை வாங்கிட்டுப் போகலாம், ஆனா நிலத்தோட விலை ஏறிடுச்சுன்னு அதை வெச்சு லாபம் பாக்க முடியாது.

இதுக்கு கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்னு பேரு. வீடு உங்களுது, அடியில இருக்கற மண்ணு டிரஸ்டோடது. 99 வருஷக் குத்தகை வழக்கம். விக்கும்போது ஒரு வரம்பு இருக்கும், அதனால அடுத்து வர்றவருக்கும் கட்டுப்படியாகும். வெர்மான்ட்ல பர்லிங்டன் ஊர்ல 1984-ல பெர்னி சாண்டர்ஸ் மேயரா இருந்தப்போ நகராட்சிக் காசு போட்டு ஆரம்பிச்சது இன்னிக்கும் நடக்குது.

சரி, இந்த யோசனை முதல்ல எங்க இருந்து வந்துச்சுன்னு தோண்டினேன். 1969, ஜார்ஜியா மாநிலம், ஆல்பனி. கறுப்பின விவசாயிங்க. ஓட்டுரிமைக்குப் போராடினதுக்காக வெள்ளைக்கார நிலக்காரங்க குடிசையை விட்டு விரட்டுறாங்க. சொந்த மண்ணு இல்லாம உரிமை எதுவும் நிக்காதுன்னு சார்லஸ் ஷெராட் மாதிரி ஆளுங்க சேர்ந்து, நியூ கம்யூனிட்டீஸ்னு பேர் வெச்சு 5,000 ஏக்கருக்கும் மேல பொதுவா வாங்கினாங்க. வறட்சி வந்தப்போ அரசாங்கக் கடன் பாரபட்சமா மறுக்கப்பட்டு, 1985-ல எல்லாம் கையை விட்டுப் போச்சு. 2009-ல வழக்குல 1.2 கோடி டாலர் கிடைச்சு, திரும்ப நிலம் வாங்கினாங்க. அப்படிப் புதுசா வாங்கின நிலம், ஒரு காலத்துல அடிமைகளை வெச்சிருந்தவரோட தோட்டம். இதைப் படிச்ச அன்னிக்கு நான் வேற எந்த வேலையும் பாக்கல.

இந்த டிரஸ்ட் மாதிரியை யோசிச்சவங்க ரெண்டு பேர், ராபர்ட் ஸ்வான், ரால்ஃப் போர்சோடி. அவங்களுக்குத் தூண்டுதலா இருந்ததுல ஒண்ணு இஸ்ரேல்ல பாத்த பொதுநிலக் குடியிருப்புகள். இன்னொண்ணு என்ன தெரியுமா? நம்ம கிராமதானம்! வினோபா பாவே நடந்து நடந்து கேட்டது. ஊர்க்காரங்க நில உரிமையை ஊர் சபைக்கு எழுதிக் கொடுக்கறது, உழுறது அவங்கவங்களே, வெளியாளுக்கு விக்க மட்டும் முடியாது. நான் நிமிர்ந்து உக்காந்துட்டேன். ஏன்னா இதுக்காக மதுரை, திண்டுக்கல் பக்கமெல்லாம் அலைஞ்சவங்க கிருஷ்ணம்மாளும் அவங்க வீட்டுக்காரர் ஜெகந்நாதனும், ரெண்டு பேரும் காந்தியவாதிங்க. வத்தலக்குண்டு பக்கம் எங்க பாட்டி ஊர். நான் ஓரிகன் வரைக்கும் போய்த் தேடினது பாட்டி ஊருக்குத் திரும்பி வந்து நிக்குது.

கிராமதானத்துக்கு முன்னாடி வினோபா தனித்தனி ஆளுங்ககிட்ட நிலம் கேட்ட பூதானத்துல நெறைய பேர் கல்லும் கரடும்தான் கொடுத்தாங்க, காகிதத்துலயே நின்ன நிலம் ஏராளம்னு எனக்கும் தெரியும். கிருஷ்ணம்மாள் அதோட நிக்கல. கீழ்வெண்மணிப் படுகொலைக்கு அப்புறம் தஞ்சைப் பக்கம் போய், 1981-ல லாப்டின்னு அமைப்பு தொடங்கி, கடன் வாங்கி நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்னு பெண்கள் பேர்ல பதிஞ்சாங்க. அப்புறம்தான் குடிசையைக் கல்வீடா மாத்தற வேலை. முதல்ல மண்ணு, பிறகு சுவர்.

அமெரிக்கா ரொம்ப தூரம்னு தோணுச்சுன்னா பேங்காக் போங்க. அங்க பாங் புவான்னு ஒரு கால்வாய். கூவம் கரை மாதிரியே, தண்ணி மேல கால் ஊனி நின்ன வீடுங்க. 2003-ல தொடங்கின பான் மன்கோங்ங்கற அரசு வீட்டுத் திட்டத்துல அந்த ஜனங்களைத் தூக்கி ஊருக்கு வெளிய போடல. மக்கள் சிறுசேமிப்புக் குழு, கூட்டுறவுச் சங்கம் அமைச்சாங்க. அரசு நிலத்தை சங்கத்துக்கு 30 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தாங்க. கடனும் சங்கத்து பேர்லதான். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அதே இடத்துல, அதே அக்கம்பக்கத்தோட சின்னச் சின்ன வீடு கட்டிக்கிட்டாங்க. நம்ம கூவம் கரைல இருந்தவங்க ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல எட்டு மாடில இருக்காங்க. வீட்டுவேலைக்குப் போன அக்காங்க பல பேருக்குப் பழைய வேலை போச்சு, பஸ் ஏறி வந்து சேர்றதுக்குள்ள அங்க பாத்திரம் கழுவ வேற ஆள் வந்துடுவாங்க. வீடு கொடுத்தாங்களே, அப்புறம் என்னன்னு கேக்கறவங்களுக்கு நான் அந்த பஸ் நம்பரைத்தான் சொல்லுவேன்.

எங்க ஆறு பேர்ல இப்ப நாலு பேர்தான் மிச்சம். ஒருத்தன் ஃப்ளாட் புக் பண்ணிட்டான், ஒருத்தி கல்யாணம் ஆகி ஓசூர் போயிட்டா. மிச்சம் நாலு பேரும் தனித்தனி மனைங்கற யோசனையைத் தலைமுழுகிட்டு, கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கமா பதிய எத்தனை பேர் வேணும், பொது அடுப்படியை அதுல எப்படி எழுதறதுன்னு ஒரு வக்கீல் அக்காகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கோம். சென்ட் விலை இதுக்குள்ள ஏறியிருக்கும், நான் இன்னும் கேக்கல, தைரியம் இல்ல.

உங்க ஊர்ல இந்த வரிசை வீட்டுக்கு என்ன பேருன்னு கமென்ட்ல சொல்லுங்க. காரைக்குடி, நாகர்கோவில், யாழ்ப்பாணம்னு எங்க இருந்தாலும் சரி. அதே மாதிரி பொதுவா நிலம் வாங்கி நிஜமாவே சேர்ந்து வீடு கட்டினவங்க யாராவது இருந்தா, பத்திரம் யார் பேர்ல போட்டீங்கன்னு மட்டும் எழுதுங்க. வேற எதுவும் வேண்டாம்.

அட, கிரைண்டர் நின்னுடுச்சு. ஓனரம்மா இப்ப ஒரு கிண்ணத்துல மாவு எடுத்துக்கிட்டு இறங்கி வருவாங்க. மாவோட வந்தாங்கன்னா வாடகை ஏத்தறதைப் பத்தி ஏதோ பேசப் போறாங்கன்னு அர்த்தம். கதவைத் தட்டறாங்க பாருங்க. வெச்சிடறேன்.