யானையை விடுங்க, உடைவாளைப் பாருங்க! பத்மநாபபுரம் நவராத்திரி பவனி | முழு வழி, நாள் கணக்கு

மக்களே, வணக்கம். இன்னைக்குக் கொஞ்சம் காரமாத்தான் பேசப் போறேன். நவராத்திரி நெருங்குது, போன வாரத்துல இருந்து ஒரே ரீல்ஸா வந்து விழுது. எல்லாத்துலயும் யானை, செண்டை மேளம், போலீஸ் சல்யூட். பத்மநாபபுரத்துல இருந்து திருவனந்தபுரத்துக்குச் சாமி போகுதுன்னு போட்டிருக்காங்களே ஒழிய, ஒரு ரீல்லகூட, சாமிக்கு முன்னால போற ராஜாவோட உடைவாள் இல்ல. அது இல்லன்னா இந்தப் பவனியே இல்ல!

நம்ம சேனலைப் பாக்கிறவங்களுக்குக் குமரி மாவட்டத்துல உள்ள பத்மநாபபுரம் அரண்மனை தெரியும், முன்னாடி வீடியோல சுத்திக் காட்டியிருக்கேன். அதனால கதையைச் சுருக்கமா சொல்லுதேன். மார்த்தாண்ட வர்மா 1729ல திருவிதாங்கூர் பட்டத்துக்கு வாறாரு. 1741ல குளச்சல்ல டச்சுக்காரனை முறியடிக்கிறாரு. 1750 ஜனவரில வாளைப் பத்மநாபசுவாமி சந்நிதில வச்சு, நாடு உனக்கு, நான் உன் தாசன்னு எழுதிக் குடுக்கிறாரு. அதுதான் திருப்படிதானம். அன்னையில இருந்து திருவிதாங்கூர் ராஜாவுக்குப் பத்மநாபதாசன்னு பேரு. வாளே சாமி திருப்பிக் குடுத்ததுன்னு ஆனபிறகு, அந்த வாளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்னு நீங்களே யோசிங்க.

அப்போ தலைநகரம் நம்ம பத்மநாபபுரம், நவராத்திரி பூஜையும் இங்கயேதான் நடந்துச்சு. அரண்மனைக்குள்ள கல்லுல கட்டின நவராத்திரி மண்டபம், பக்கத்துலயே தேவாரக்கட்டுங்கிற கோயில்ல சரஸ்வதி. கம்பர் கும்பிட்ட சரஸ்வதி, அவர் சேர ராஜா கையில ஒப்படைச்சதுன்னு ஐதீகம். 1795ல தர்மராஜா காலத்துல தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிச்சு. அப்புறம் ஸ்வாதி திருநாள் ராஜா காலத்துல பூஜையும் அங்க மாறிச்சு. சரஸ்வதி மட்டும் இங்கயேதான். பூஜைக்கு வருஷாவருஷம் போய்ட்டுத் திரும்பி வாறா. தனியா போறதில்ல, வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் கூடப் போறாங்க. இவங்களுக்கு முன்னால ராஜா நடக்கணும், அந்த ராஜாவுக்குப் பதிலா நடக்கிறதுதான் உடைவாள்.

"நம்ம சாமியை ஏன் கேரளாவுக்குக் கொண்டு போறாங்க"ன்னு கமெண்ட்ல சண்டை போடுறவங்களும் இதைக் கேளுங்க. 1956 நவம்பர் 1ல குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்துச்சு. கோயில்கள் நம்ம அறநிலையத்துறை கையில வந்துச்சு. ஆனா அரண்மனை இன்னைக்கும் கேரளத் தொல்லியல் துறை பராமரிப்புலதான் இருக்கு. அதனால பவனி புறப்படுற அன்னைக்குக் காலைல, அரண்மனைக்குள்ள உப்பிரிக்கை மாளிகைங்கிற மாடிக் கட்டடத்துல இருக்கிற வாளைத் தொல்லியல் துறைக்காரங்க எடுத்து, கேரள அமைச்சர் வழியா நம்ம அறநிலையத்துறை அதிகாரி கையில சேர்ப்பாங்க. அவர் அதை நிமிர்த்திப் பிடிச்சு முன்னால நடப்பாரு. ரெண்டு அரசாங்கம், ஒரு வாள். இந்தியாவுல வேற எங்கயாவது இப்படி இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, நான் பாத்ததில்ல.

இப்போ நாள் கணக்கு. பின்னால இருந்து எண்ணுங்க, அப்பதான் தப்பாது. நவராத்திரி தொடங்குறதுக்கு முந்தின சாயங்காலம் சாமிங்க திருவனந்தபுரம் கோட்டைக்குள்ள இருக்கணும். அதுக்கு முந்தின ராத்திரி நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில்ல தங்கல். அதுக்கும் முந்தின ராத்திரி குழித்துறை மகாதேவர் கோயில். அப்போ அரண்மனையில இருந்து புறப்பாடு, நவராத்திரிக்கு மூணு நாள் முன்னாடி காலைல. தமிழ் காலண்டர்லயும் மலையாளப் பஞ்சாங்கத்துலயும் நவராத்திரி ஆரம்பம் சில வருஷம் ஒரு நாள் முன்ன பின்ன வரும். மலையாளக் கணக்கைப் பிடிங்க. ஊர்லயிருந்து கிளம்பி வந்து காலி அரண்மனையைப் பாத்துட்டுப் போறவங்க எல்லாம் இந்த ஒரு நாள்லதான் கோட்டை விடுறாங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். முன்னுதித்த நங்கை அரண்மனைப் புறப்பாட்டுக்கு ஒரு நாள் முன்னாடியே சுசீந்திரத்துல இருந்து பல்லக்குல கிளம்பிருவா. நாகர்கோவில்காரங்க அன்னைக்கே தரிசனம் பண்ணிக்கிடலாம், கூட்டம் கம்மி.

அரண்மனையில எங்க நிக்கணும்? உப்பிரிக்கை மாளிகைப் படி ஏறணும்னு அடிச்சுக்காதீங்க. அந்த மாடி ரொம்பச் சின்னது, கேமராக்காரங்களே நிறைஞ்சிருவாங்க. வாள் கீழ இறங்கி தேவாரக்கட்டுப் பக்கம் வாற வழியில ஒரு ஓரமா நில்லுங்க. சிவப்புப் பட்டு, அதுக்கு மேல வாள், சுத்தி ஆளுங்க. பத்து செகண்டுல தாண்டிப் போயிரும். அந்த நேரம் பாத்து எல்லாரும் போனை யானைப் பக்கம் திருப்பி வச்சிருக்காங்க, எனக்கு வயிறு எரியுது மக்களே. யானை மூணு நாளும் ரோட்டுலதான் நடக்கும், எப்ப வேணா எடுக்கலாம்!

வண்டி கொண்டு வராதீங்க. ரயில்ல வாறவங்க இரணியல்ல இறங்கி ஆட்டோ பிடிங்க.

அடுத்தது இந்தத் தட்டம். இதைப் பேசாம விடமாட்டேன். அரண்மனை வாசல்ல ஒரு அர்ச்சனைத் தட்டு 150 ரூபாய். என்ன இருக்கு அதுல? முத்தின சின்னத் தேங்காய் ஒண்ணு, கறுத்த பழம் ரெண்டு, வாடின வெத்தலை, ஒரு துண்டு கற்பூரம். இதுக்கு 150ஆ? அதே காசுக்கு நாகர்கோவில் வடசேரி சந்தையில நல்ல தேங்காய், அரைச் சீப்பு மட்டிப்பழம், ரெண்டு முழம் பிச்சிப்பூ வாங்கி மிச்சமும் வச்சிருக்கலாம். அதுலயும் தட்டைத் திருப்பிக் கேக்கிறாங்க, சாமி பல்லக்கு நகர்ந்துட்டு இருக்கும்போது! வீட்டுத் தட்டத்தைக் கொண்டு வாங்க. ரோட்டோரம் வீடு உள்ளவங்க திருக்கண் சாத்துறதுன்னா, அதாவது பல்லக்கை வாசல்ல நிறுத்திக் கும்பிடுறதுன்னா, வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, நிலவிளக்கை முன்கூட்டியே ஏத்தி வச்சிருங்க. பல்லக்கு உங்க வாசல்ல நிக்கிறது கொஞ்ச நேரம்தான், அப்போ தீப்பெட்டி தேடினா முடிஞ்சிச்சு.

கற்பூரத்தட்டை யானை முகத்துக்கு நேரா தூக்காதீங்க. குடையும் அப்படித்தான். சாரல் விழுந்தா பக்கத்துல நின்னு பட்டுன்னு குடையை விரிக்காதீங்க, மிரண்டுரும். மழைக்கோட்டு போட்டுட்டு வாங்க. பாகன் தண்ணி கேட்டா குடுங்க, வெயில்ல தார் ரோடு யானைக் காலைச் சுட்டுரும்.

ரெண்டாவது நாள் காலைல களியக்காவிளை. எல்லையில நம்ம போலீஸ் விட்டுக்குடுக்க, கேரளப் போலீஸ் மரியாதையோட ஏத்துக்கும். மூணாவது நாள் கரமனையில குமாரசுவாமி வெள்ளிக்குதிரை வாகனம் ஏறுவார். கோட்டைக்குள்ள அரச குடும்பத்தார் வரவேற்பாங்க. சரஸ்வதிக்கு அங்க உள்ள நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலைக் கோயில், நங்கைக்குச் செந்திட்டைக் கோயில்.

மண்டபத்துல ஒன்பது நாளும் சாயங்காலம் கச்சேரி. ஸ்வாதி திருநாள் நாளுக்கொரு கீர்த்தனை வச்சிருக்காரு. முதல் நாள் சங்கராபரணம், ரெண்டாம் நாள் கல்யாணி, மூணாம் நாள் சாவேரி, ஒன்பதாம் நாள் ஆரபி. அந்தந்த நாளைக்கு அந்தந்த ராகம்தான் பிரதானம். பாட்டு முடிஞ்சதும் கைதட்டக் கூடாது. சரஸ்வதி முன்னால வாசிக்கிற பூஜை அது, சபாக் கச்சேரி இல்ல. 2006ல பாறசாலை பொன்னம்மாள் பாடினபிறகுதான் பெண்கள் பாட வழி திறந்துச்சு. பவனி போற அதே வழியில உள்ள ஊர் பாறசாலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, எப்பவோ நடந்திருக்கணும்.

விஜயதசமிக்குக் குமாரசுவாமி திருவனந்தபுரத்துலயே உள்ள பூஜைப்புரைக்கு வேட்டைக்குப் போவார். மறுநாள் நல்லிருப்பு, பவனி நகராது. அதுக்கு அடுத்த நாள் திரும்பிப் புறப்பாடு, அதே நெய்யாற்றின்கரை, அதே குழித்துறை. விஜயதசமிக்கு மறுநாளே கிளம்பிரும்னு நினைச்சு லீவு போடாதீங்க. திரும்பி வாறப்போ குழித்துறையில தரிசனம் நிதானமா கிடைக்கும், வயசானவங்களைக் கூட்டிட்டு வாறவங்க அந்த நாளை வச்சுக்கிடுங்க. பஸ் நேரம் எல்லாம் கீழ போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க.