தன் பெயரால் எரிந்த ஊர்

வணக்கம், நேயர்களே.

ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் ஹைடல்பெர்க் என்றொரு ஊர். குன்றின்மேல் இன்று இடிந்து நிற்கிற அரண்மனையில் 1652இல் பிறந்தவர் எலிசபெத் சார்லோட்டே. வீட்டில் லீசலோட்டே.

தந்தை கார்ல் லூட்விக் அந்தச் சீமையின் அரசர். மனைவியோடு ஒத்துப்போகாமல், பணிப்பெண் ஒருத்தியை இரண்டாந்தாரமாக்கிக்கொண்டார். முதல் மனைவியோ அரண்மனையை விட்டு நகர மறுத்தார். அன்றாடம் சண்டை. ஏழு வயதுப் பெண்ணை ஹனோவரிலிருந்த அத்தை சோஃபியிடம் அனுப்பிவிட்டார்கள். அங்கே கழிந்த நான்கு ஆண்டுகளைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை.

1671இல் மதம் மாற்றி, பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் தம்பி பிலிப்புக்குக் கட்டிவைத்தார்கள். பிலிப்புக்கு நகையிலும் நாடாவிலும் மோகம். மனம் நாடியதோ ஆண்களை. லீசலோட்டேக்கோ வேட்டையும் குதிரையும். ஆனாலும் மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூத்தது மூன்று வயதுகூட நிரம்பாமல் இறந்தது.

1685இல் லீசலோட்டேயின் அண்ணன் வாரிசின்றி இறந்தார். பிறந்தகத்துச் சொத்தில் உரிமை இல்லையென்று திருமணத்தின்போதே எழுதிக்கொடுத்திருந்தார் இவர். அதனாலென்ன? தம்பி மனைவியின் பங்கு என்று சொல்லிக்கொண்டு லூயி படையெடுத்தார். 1689இல் ஹைடல்பெர்க்கும் அருகிலுள்ள மன்ஹைம் நகரமும் எரிந்தன. தூங்கப் போனாலே அந்த இடிபாடுகள் கண்முன் வந்து, திடுக்கிட்டு எழுந்து, இரண்டு மணி நேரம் உறக்கமின்றிக் கிடப்பதாக அத்தைக்கு எழுதினார். தன் பெயரைச் சொல்லியே செய்தார்கள் என்பதுதான் அவரை அரித்தது.

வாய்விட்டு அழுதால் மன்னருக்குப் பிடிக்காது. கோபம் மட்டும் ஒருநாள் வெளியே வந்துவிட்டது. 1692இல் மன்னரின் முறைகேடான மகளை மணக்க இவருடைய மகன் சம்மதித்தான். வெர்சாய் அரண்மனையில் எல்லோரும் பார்த்திருக்க, வழக்கம்போல் கையை முத்தமிட வந்தவனுக்குக் கன்னத்தில் ஓர் அறை! அந்த மகனே பின்னாளில், சிறுவனாயிருந்த 15ஆம் லூயிக்காக நாட்டை ஆண்டான். லீசலோட்டேயின் மகள் வழியில் வந்த கொள்ளுப்பேத்திதான், பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட அரசி மரி அந்துவானெத்.

மற்றபடி அவருக்கு வடிகால் கடிதங்கள்தாம். அஞ்சலில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று தெரிந்தே, பக்கம் பக்கமாக எழுதினார். தேநீர், காப்பி, சாக்லேட் எதுவும் அவருக்கு ஆகாது. நாக்கு ஏங்கியது புளித்த முட்டைக்கோசுக்கும் பீர் சூப்புக்கும்.

முதுமையில், சிற்றன்னை மகள் லூயிசேக்கு எழுதும்போது ஹைடல்பெர்க் மலை நினைவுக்கு வருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே நல்ல ரொட்டித் துண்டோடு செர்ரிப் பழம் தின்றிருக்கிறேனே, எத்தனை தடவை! இப்போதைவிட அப்போது குதூகலமாக இருந்தேன், என்கிறார்.