நான்கு மணிக்கு அணைந்த ஒளி

நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அருங்காட்சியகங்களில் கலையும் தொழில்நுட்பமும் கைகோக்கும் விதத்தைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, கண்ணால் கண்டு அனுபவிக்க வேண்டிய ஒன்றைக் காதுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்ற தயக்கம் எனக்கு இருந்தது. கலைக்கூடங்களுக்குள் மின்னணுக் கருவிகள் நுழைந்த கதையின் தொடக்கத்திலேயே வானொலி இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் அந்தத் தயக்கம் விலகியது. 1952ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில், ஒலிநாடாவில் பதிந்த விளக்கவுரையைச் சிற்றலையில், காட்சிக்கூடத்துக்குள் மட்டும் கேட்கும்படி ஒலிபரப்பினார்கள். பார்வையாளர்கள் ஆளுக்கொரு சிறிய வானொலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனைப் பொருத்தியபடி நடந்தார்கள். ஒலிபரப்பு எல்லாருக்கும் பொதுவானது என்பதால், உரை ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்கு நகரும்போது அவர்கள் கவனமும் ஒன்றாகவே நகர்ந்தது. அன்று எடுத்த நிழற்படங்களில், கண்ணுக்குத் தெரியாத யாரோ கைப்பிடித்து அழைத்துப் போவதைப்போல ஒரு கூட்டமே ஒரே பொருளை நோக்கி நிற்பதைக் காணலாம்.

அந்தக் காட்சியில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, சிறு கலக்கமும் உண்டு. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கும் ஒருவருக்கு அந்தப் பெட்டி ஒரு துணை. ஆனால் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதையும் அதே பெட்டி முடிவு செய்துவிடுகிறது. அருங்காட்சியகத்துக்குள் வரும் எந்தக் கருவிக்கும் இந்த இரண்டு குணங்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே ஒரு கருவி எவ்வளவு புதியது, எவ்வளவு திறமையானது என்று நான் கேட்பதில்லை. அது தன் வேலையை முடித்துவிட்டு விலகிக்கொண்ட பிறகு, அந்தப் படைப்பு நமக்கு முன்னைவிட நெருக்கமாகியிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். இந்த அளவுகோலின்படி பார்த்தால் எளிய விளக்குகூடப் பெரிய தொழில்நுட்பம்தான். லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1857இல் எரிவாயு விளக்குகளோடு மாலை நேரத்திலும் திறந்திருந்ததால், பகலெல்லாம் வேலை செய்தவர்களும் ஓவியங்களின் முன் வந்து நிற்க முடிந்தது.

ஒளியைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால், என்னை மிகவும் பாதித்த ஒரு முயற்சியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மார்க் ராத்கோ என்ற ஓவியர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காகப் பெரிய சுவரோவியத் தொகுதி ஒன்றை கித்தான் துணியில் வரைந்து கொடுத்தார். 1964இல் அவை அங்கே ஓர் உயர்ந்த கட்டடத்தின் உணவு அறையில் மாட்டப்பட்டன. அறைக்கு அகன்ற சன்னல்கள். உள்ளே வெயில் தாராளமாக வந்தது. ராத்கோ பயன்படுத்திய சிவப்பு நிறமிகளில் லித்தால் ரெட் என்பதும் ஒன்று. அது ஒளி பட்டால் நிறம் மங்கும் இயல்புடையது. ஆழ்ந்த செந்நிறமாக இருந்த பரப்புகள் ஆண்டுக்கு ஆண்டு வெளுத்து, சில இடங்களில் நீலம் பாய்ந்துபோயின. ஒரே ஓவியத்திலும் வெயில் பட்ட அளவுக்கேற்ப ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதமாக மாறியிருந்தது. 1979இல் அவற்றைக் கழற்றி இருட்டறையில் வைத்தார்கள்.

பழுதுபட்ட ஓவியத்தின் மீது ஏன் மீண்டும் வண்ணம் தீட்டக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஓவியப் பாதுகாப்பில் ஈடுபட்டிருப்பவர்கள் உயிராக மதிக்கும் ஒரு நெறி உண்டு: இன்று நாம் செய்கிற எந்தத் திருத்தத்தையும் நாளை வருகிறவர் ஓவியத்துக்குச் சேதமில்லாமல் நீக்க முடிய வேண்டும். ராத்கோ இந்த ஓவியங்களின் மேல் வார்னிஷ் பூசவில்லை. மெல்லிய வண்ணம் திறந்த மேனியாகக் கிடக்கிறது. அதன்மேல் வேறொருவர் தூரிகையை வைத்தால் ஓவியரின் கைவேலை அடியில் புதைந்துபோகும். பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. இந்தச் சிக்கலால் ஓவியங்கள் பல ஆண்டுகள் பெரும்பாலும் மறைந்தே கிடந்தன.

2014 நவம்பரில் அவை மீண்டும் சுவரேறியபோது, அவற்றின்மேல் ஒரு துளி வண்ணம்கூடச் சேர்க்கப்படவில்லை. எதிரே இருந்த புரொஜெக்டரிலிருந்து ஒளி மட்டும் வீழ்ந்தது. அதற்கு முன் நடந்த வேலை எளிதானதன்று. ஓவியங்கள் புதிதாக இருந்தபோது எடுத்த வண்ணப்படங்கள் இருந்தன. ஆனால் அந்தப் படச்சுருள்களும் காலத்தால் நிறம் மங்கியிருந்தன. முதலில் அவற்றின் நிறத்தைக் கணினியின் துணையோடு மீட்டார்கள். இதே தொகுதிக்காக ராத்கோ வரைந்து, மற்ற ஐந்தோடு மாட்டப்படாமல் விட்ட ஆறாவது ஓவியம் ஒன்று வெயில் படாமல் தப்பியிருந்தது. அசல் சிவப்பு எது என்பதற்கு அதுவே சாட்சியாக நின்றது. பின்னர், இருந்த நிறத்துக்கும் இருக்கிற நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பிரித்து, எந்தப் புள்ளிக்கு எந்த நிற ஒளி எவ்வளவு தேவை என்று கணக்கிட்டு, அந்த அளவு ஒளியை மட்டும் அந்தப் புள்ளியின்மேல் விழச் செய்தார்கள். வெளுத்த துணியும் வண்ண ஒளியும் கண்ணுக்குள் சேர்ந்தபோது பழைய செந்நிறம் எழுந்தது.

அந்தக் கண்காட்சியில் மிகச் சிறந்த முடிவு எது என்று கேட்டால், புரொஜெக்டரை இயக்கியதைவிட அதை அணைத்ததையே நான் சொல்வேன். ஒவ்வொரு நாளும் மாலை 4 மணிக்கு அந்த ஒளியை நிறுத்தினார்கள். அதுவரை செம்மையாக நின்ற சுவர் ஒரு நொடியில் வெளிறி, காலம் உண்மையில் செய்த காரியம் அப்படியே கண்முன் நின்றது. தான் சேர்த்தது எது, ஓவியத்தில் எஞ்சியிருப்பது எது என்பதைத் தொழில்நுட்பமே முன்வந்து ஒப்புக்கொண்ட அந்தக் கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இதே நேர்மையை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலும் காண்கிறேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த, நகரக் காவற்படை ஒன்று புறப்படும் காட்சியான 'இரவுக் காவல்' ஓவியத்தை ஆராய்ந்து பேணும் பணியை 2019 ஜூலையில் தொடங்கியபோது, அதை ஒரு மூடிய கூடத்துக்கு எடுத்துப் போகாமல், காட்சிக்கூடத்திலேயே கண்ணாடி அறை ஒன்றைக் கட்டி, மக்கள் பார்த்துக்கொண்டிருக்கவே வேலை செய்தார்கள். அந்த ஓவியத்தை 8,439 தனிப்படங்களாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து, 717 கிகாபிக்சல் அளவுள்ள ஒரே படமாக 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். இந்த எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 200 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால் போதும். வண்ணத்துக்குள் இருக்கும் நிறமித் துகள்களைக்கூடத் தனித்தனியாகக் காணலாம். ஒரு கண்ணின் மணியில் ரெம்பிராண்ட் வைத்த வெள்ளைப் பொட்டு எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்து அறியலாம். மேற்பூச்சு கறுத்துப்போனதால்தான் பகல் வெளிச்சத்தில் நிகழும் அந்தக் காட்சிக்கு 'இரவு' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஓவியத்துக்கு இன்னொரு காயமும் உண்டு. 1715இல் அதை நகர மன்றத்துக்குக் கொண்டுபோனபோது, குறித்த சுவரில் பொருந்தவில்லை என்பதற்காக நான்கு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கம் நின்ற மனிதர்களோடு ஒரு பெரிய துண்டு போய்விட்டது. வெட்டிய துண்டுகள் பிறகு கிடைக்கவேயில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்பே கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு சிறிய நகல் தப்பிப் பிழைத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு, ரெம்பிராண்டின் நிறத்தையும் தூரிகை வீச்சையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்றுவித்து, விடுபட்ட பகுதிகளை அச்சிட்டு, 2021இல் ஓவியத்தைச் சுற்றி மூன்று மாதங்களுக்கு வைத்திருந்தார்கள். நடுவில் நிற்பதாக நாம் நம்பியிருந்த படைத்தலைவர், இடப்பக்கத் துண்டு சேர்ந்ததும் நடுவிலிருந்து விலகி வலப்பக்கம் அடியெடுத்து வைப்பவராகத் தெரிந்தார். படைக்கு அப்போதுதான் நடை வந்தது. மூன்று மாதம் முடிந்ததும் அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டார்கள். கணினி ஊகித்தது ஊகமாகவே நிற்கட்டும், அது அசலோடு கலந்துவிடக் கூடாது என்ற அந்த முடிவு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

அசல், நகல் என்ற இந்த இடத்தில் நம் மனம் பொதுவாக நகலைத் தாழ்வாகவே எடைபோடுகிறது. எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. இத்தாலிய ஓவியர் வெரொனேசே வரைந்த, பைபிளில் வரும் திருமண விருந்தைக் காட்டும் 'கானா ஊர்க் கல்யாணம்' ஓவியத்தின் கதையை அறிந்த பிறகு அதை மாற்றிக்கொண்டேன். கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியம் வெனிஸ் நகரில், சான் ஜோர்ஜோ மாஜோரே மடத்தின் உணவுக்கூடத்துக்கென்று 1563இல் வரையப்பட்டது. 1797இல் நெப்போலியனின் படையினர் அதைத் துண்டுகளாக்கிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவுக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஃபாக்டும் ஆர்த்தே என்ற குழுவினர் ஓவியத்தைத் தொடாமலேயே அதன் மேற்பரப்பைப் பதிவு செய்து, அசலின் முழு அளவில் கித்தான் துணியில் அச்சிட்டு, கையாலும் திருத்தி, 2007இல் அந்த மடத்தின் உணவுக்கூடத்திலேயே மாட்டினார்கள். பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அந்தக் கூடத்தில், ஓவியர் மனத்தில் வைத்திருந்த அதே உயரத்தில், அதே சன்னல்களின் வெளிச்சத்தில் அந்த விருந்து மீண்டும் நடக்கிறது. வெரொனேசேயின் கை பட்ட வண்ணம் பாரிஸில் இருக்கிறது. அவர் நினைத்த இடமும் ஒளியும் வெனிஸில் இருக்கின்றன. இரண்டில் எது அசல் அனுபவம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பார்வையற்றவர்களுக்காக மத்ரித் நகரின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் ஆறு ஓவியங்களைத் தொட்டுணரும்படி மேடுபள்ளமாக அச்சிட்டு வைத்ததையும் இந்த வரிசையில் நன்றியோடு நினைக்கிறேன். 'தொடாதீர்கள்' என்ற பலகையே ஆட்சி செய்யும் கட்டடத்தில், 'தொடுங்கள்' என்று அழைத்த செயல் அது.

எல்லாப் புதுமையையும் நான் வரவேற்பதாக எண்ண வேண்டாம். நான்கு சுவரிலும் தரையிலும் ஓர் ஓவியரின் படங்களை இசையோடு அசையவிட்டு, அதுவே ஓவியத்துக்குள் நுழையும் அனுபவம் என்று சொல்லும் காட்சிகள் இன்று பல நகரங்களில் நடக்கின்றன. குழந்தைகள் அங்கே மகிழ்ந்து ஓடுகிறார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் வான்கோவின் சூரியகாந்திப் படம் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. அவர் வண்ணத்தைக் கட்டியாக அப்பியிருப்பதால், இதழ்களின் விளிம்பு துணியிலிருந்து புடைத்து, பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் தன் நிழலைத் தானே வீழ்த்துகிறது. அதைப் பத்து மீட்டர் உயரத்துக்கு விரித்தால் அந்தச் சிறு நிழல்தான் முதலில் காணாமல் போகிறது. புரொஜெக்டர் என்ற அதே கருவி ஓரிடத்தில் ஓவியத்தின் காயத்தை ஆற்றுகிறது, இன்னோரிடத்தில் ஓவியத்தையே கரைத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை நாம் கறாராகவே பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் தொழில்நுட்பம் வெளியிலிருந்து கலைக்கு உதவ வந்தது. கலைப்படைப்பே தொழில்நுட்பத்தால் ஆனதாக இருந்தால் அருங்காட்சியகம் எதைப் பேணுவது? இதைவிடக் கடினமான கேள்வி இந்தத் துறையில் இப்போது இல்லை என்பது என் எண்ணம்.

கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக், தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சிற்பத்துக்கான கல்லைப்போலப் பயன்படுத்திய கலைஞர். தென்கொரியாவின் க்வாசோன் நகரிலுள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில், 1988இல் அவர் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி, 18 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பினார். கொரிய நாடு பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் அக்டோபர் 3ஆம் தேதியை, அதாவது பத்தாம் மாதம் மூன்றாம் நாளைக் குறிப்பதற்காகவே 1003 என்ற அந்த எண். அவை அனைத்தும் பழைய படக்குழாய்ப் பெட்டிகள். முன்பக்கம் கண்ணாடி லேசாகப் புடைத்திருக்கும், படம் அந்தப் புடைப்பில் ததும்பி நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அவிந்தன. உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலைகளும் மூடிக்கொண்டே வந்தன. கடைசியில் பாதுகாப்பைக் கருதி 2018இல் கோபுரத்தையே அணைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் தட்டையான புதிய திரைகளாக மாற்றிவிடலாமா, அல்லது அவிந்த கோபுரத்தை அப்படியே ஒரு நினைவுச் சின்னமாக விட்டுவிடலாமா என்ற விவாதம் நீண்டது. அருங்காட்சியகம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேர்ந்தது. 737 பெட்டிகளுக்குப் பழைய பாகங்களையும் பயன்படுத்திய பெட்டிகளையும் தேடிப் பிடித்து, படக்குழாய்களாகவே பழுதுபார்த்தார்கள். உச்சியில் இருந்த 266 சிறிய பெட்டிகளுக்கு எங்கும் மாற்றுக் கிடைக்காததால், வெளித்தோற்றத்தைக் காத்துக்கொண்டு உள்ளே தட்டைத் திரையைப் பொருத்தினார்கள். 2022 செப்டம்பரில் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது. கீழேயிருந்து பார்க்கும்போது புடைத்த கண்ணாடியின் ததும்பலும், மேலே போகப் போகத் தட்டைத் திரையின் தெளிவும் ஒரே படைப்பில் இருக்கின்றன. பழுதுபார்த்த படக்குழாய்களின் ஆயுளும் எண்ணப்பட்ட மணி நேரங்கள்தான் என்பதால், நாளின் சில மணி நேரம் மட்டுமே அதை இயக்குகிறார்கள். நேரம் முடிந்ததும் அணைத்துவிட்டு, மறுமுறைக்காக மிச்சப்படுத்துகிறார்கள்.

நன்றி, வணக்கம்.