கேலக்ஸியோட ஓரத்துல விட்டுப்போற வெளிச்சம்

எல்லாருக்கும் வணக்கம், நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கேலக்ஸிகளோட கேட்டலாக்ல (பட்டியல்ல) ஒரு கேலக்ஸியோட மொத்த வெளிச்சம் இவ்ளோன்னு ஒரு நம்பர் இருக்கும், நாம அத அப்படியே எடுத்துக்கிறோம், ஆனா அந்த கேலக்ஸி எங்க முடியுதுன்னு முடிவு பண்ணது யாரு? நம்ம ராத்திரி வானம்தாங்க. நிலா இல்லாம ஊர் லைட்டும் எட்டாத இடத்துல கூட வானம் முழுக் கருப்பு கிடையாது, ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு, அதாவது வானத்துல ஒரு குட்டித் துண்டுக்கு, சுமார் 22 மேக்னிடியூட் இருக்கும் (மேக்னிடியூட்னா வெளிச்சத்த அளக்குற அளவு, நம்பர் கூடக் கூட மங்கல், அஞ்சு கூடுனா நூறு மடங்கு மங்கல்). கேலக்ஸியோட ஓரம் 27னா, அது வானத்தோட வெளிச்சத்துல நூத்துல ஒரு பங்கு.

அதனால ஏதோ ஒரு லெவல்ல கோடு போட்டு, அதுக்குள்ள வர்றத மட்டும் கூட்டுறாங்க. இங்கதான் சிக்கல். டிஸ்க் கேலக்ஸியில, அதாவது தட்டு மாதிரி தட்டையா இருக்குற கேலக்ஸியில, நடுவுல இருந்து வெளிய போகப் போக வெளிச்சம் எக்ஸ்பொனென்ஷியலா, அதாவது சம தூரத்துக்கு ஒருக்கா அதே விகிதத்துல, இறங்கும். 1970ல வானியலாளர் கென் ஃப்ரீமன் பாத்தப்ப பெரும்பாலான டிஸ்க்கோட நடு வெளிச்சம் நீல ஃபில்டர்ல 21.65 கிட்டயே வந்து நின்னுச்சு. அந்த மாதிரி டிஸ்க்க 25ல வெட்டுனா 19 சதவீதம் வெளிச்சம் போகும், சரி சமாளிக்கலாம். நடுவுலயே 24 இருக்குற மங்கலான டிஸ்க்க அதே 25ல வெட்டிப் பாருங்க, 76 சதவீதம் காலி, முக்கால்வாசிக்கும் மேல! ஒரே டெலஸ்கோப், ஒரே எக்ஸ்போஷர், ஒரே கோடு, ஆனா நஷ்டம் ஆளுக்கு ஆள் மாறுது, எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கரெக்‌ஷன் போட்டு தப்பிக்கவே முடியாது.

அந்த 21.65ங்கிறதே நம்ம கண்ணுக்கு எது படுதோ அத மட்டும் பொறுக்குனதால வந்ததா இருக்கலாம்னு 1976ல வானியலாளர் மைக் டிஸ்னி கேட்டாரு. எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி அது. பத்து வருஷம் கழிச்சு மாலின் 1ங்கிற கேலக்ஸி கெடச்சுது, விர்கோ கிளஸ்டர்ங்கிற கேலக்ஸிக் கூட்டத்துப் பக்கம் மங்கல் கேலக்ஸி தேடுனப்ப மாட்டுனது, பாத்தா கிளஸ்டருக்கு ரொம்ப ரொம்ப பின்னாடி இருக்கு, நடுவுல சாதாரணமா ஒரு பொட்டு, சுத்தி நம்ம பால்வீதிய விட பல மடங்கு பெரிய டிஸ்க். மேலோட்டமா பாத்தா அந்தப் பொட்டோட வெளிச்சம் மட்டும்தான் கணக்குல ஏறும்.

பெரிய பிரகாசமான கேலக்ஸியும் தப்பல. வானத்தப் படம் புடிச்சு கேட்டலாக் போட்ட ஸ்லோன் சர்வேயோட ஆரம்ப கால டேட்டால வானத்த கழிக்கிறப்ப, விரிஞ்சு கெடக்குற ஓர வெளிச்சத்தையும் வானம்னு நெனச்சு சாஃப்ட்வேர் சேத்துக் கழிச்சிடுச்சு. மங்கல் வெளிச்சத்தத் தேடுனா எவ்ளோ கெடைக்கும்னு பாக்கணும்னா, நியூ மெக்சிகோல இருக்குற டிராகன்ஃப்ளைங்கிற டெலஸ்கோப், கேனான் டெலிஃபோட்டோ லென்ஸ்கள சேத்துக் கட்டுனது, 2015ல கோமா கிளஸ்டர்ங்கிற இன்னொரு கேலக்ஸிக் கூட்டத்துல 47 மங்கல் கேலக்ஸிய காட்டுச்சு.

ப்ராஜெக்ட் பண்ற பசங்க ஒண்ணு பண்ணுங்க, கேட்டலாக்ல இருக்குற மேக்னிடியூட் நம்பர்ல கைவைக்கிறதுக்கு முன்னாடி அது எந்த லெவல்ல வெட்டுனது, வானத்த எப்படி கழிச்சாங்கன்னு படிச்சிருங்க, மங்கலான பக்கம் கேலக்ஸி கம்மின்னு கிராஃப் காட்டுனா நிஜமாவே கம்மியா இல்ல கோட்டுக்கு வெளிய நிக்குதான்னு பாருங்க. இப்ப கேள்வி கேக்கலாம்.