பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்னிடம் வருகிறவர்கள் எம்.ஆர்.ஐ. படங்களைப் பெரிய பையில் பத்திரமாகக் கொண்டு வருவார்கள். "பிளாக் எங்கே?" என்று கேட்டால் முழிப்பார்கள்.

வெட்டியெடுத்த சதையைப் பார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்து வைப்பார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதுதான் பிளாக். கட்டியின் டி.என்.ஏ. அதற்குள்தான் இருக்கிறது.

முன்பு மைக்ராஸ்கோப்பில் பார்த்தே கட்டிக்குப் பெயர் சொல்லிவிடுவோம். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மரபணுவையும் பார்க்கச் சொன்னது. 2021-இல் இன்னும் கறாராகச் சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கு வரும் கிளியோமா என்ற மூளைக் கட்டியில் ஐ.டி.எச். மரபணு மாறியிருந்தால் இப்போது அதைக் கிளியோபிளாஸ்டோமா என்ற மிகக் கடுமையான வகையில் சேர்ப்பதில்லை. கூடவே 1பி, 19க்யூ என்ற குரோமோசோம் பகுதிகள் இரண்டும் தொலைந்திருந்தால் அது ஒலிகோடென்ட்ரோகிளியோமா. சிகிச்சைக்கு ஓரளவு நன்றாகவே கட்டுப்படும்.

அப்புறம் எம்.ஜி.எம்.டி. என்று ஒரு புரதம். டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரை கட்டியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும், இந்தப் புரதம் பஞ்சர் ஒட்டுகிறவர் மாதிரி பின்னாலேயே வந்து அதைச் சரிசெய்துவிடும். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு மூடிக்கிடந்தால் ஒட்ட ஆளில்லை, மாத்திரை நன்றாக வேலை செய்யும். வயதானவர்களுக்கு ரேடியேஷனா, மாத்திரையா என்று முடிவெடுக்க இது ரொம்ப உதவும்.

காசிமேட்டுத் தம்பி ஒருவர் அப்பாவின் பிளாக்கை வாங்கி, சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவருக்குள் செருகிவிட்டு, தண்டையார்பேட்டையில் டீ, போஸ்ட் ஆபீசில் ஒரு வேலை என்று எல்லாம் முடித்துக்கொண்டு வந்தார். மெழுகு இளகி ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. "என்னப்பா இது?" என்றேன். "படத்தைத்தான் சார் வெயில்ல வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்க" என்றார். வஞ்சிரத்தை ஐஸ் போட்டு அனுப்புகிற குடும்பத்துப் பிள்ளை! நல்லவேளை, உள்ளே திசு கெடவில்லை, மறுபடி பதித்துக்கொண்டோம். ஐ.டி.எச். மாற்றம் இருந்தது. அப்பாவின் சிகிச்சைத் திட்டமே மாறியது.

திரும்பவும் சொல்கிறேன், பிளாக் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பிளாக் என்றாலும் விடாதீர்கள். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, கிளியோமாவுக்கான வோராசிடெனிப் மாத்திரையைத் தர வேண்டுமென்றால் ஐ.டி.எச். மாற்றம் இருப்பது உறுதியாக வேண்டும். அதற்குப் பழைய பிளாக்கே போதுமானதாக இருக்கலாம்.

செலவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். நேரமாகிவிட்டதென்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: முதலில் சாயம் போட்டுப் பார்க்கும் ஐ.டி.எச். சோதனை குறைந்த செலவில் முடியும், அதைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் வராது, இது கட்டிக்குள் மட்டும் நேர்ந்த மாற்றம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வணக்கம்.