மறுபடியும் அதே கம்பெனிப் படகா?

நேயர்களுக்கு வணக்கம். என் ஊர் நீரோடி. குமரி மாவட்டக் கடற்கரையில் மேற்கே கடைசி ஊர். தாண்டினால் பொழியூர், கேரளம். இருபது வயதில் வள்ளங்களுக்கு ஃபைபர் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, ஒட்டும் வேலைக்குப் போனேன். அப்புறம் ஷார்ஜாவில் பதினோரு வருஷம், கொச்சியில் ஆறு வருஷம். அங்கே என் கைக்கு வந்தவை மீன்பிடி வள்ளங்கள் இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கி, மனைவி பிள்ளைகளோடு கடலில் சுற்றுகிறவர்களின் பாய்ப்படகுகள். யாட் என்பார்களே, அவைதான்.

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். "மாமா, வள்ளத்தைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கணும். வள்ளம் கட்டுன பழைய யார்டுலயே சொல்லட்டா, வேற இடம் பாக்கட்டா?" என்று கேட்டான். சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியை யாட்காரர்களிடம் நான் பல வருஷம் கேட்டிருக்கிறேன். "அடுத்த படகும் இதே கம்பெனியா?" என்று கேட்டால் மனிதர்கள் என்னென்ன சொல்வார்கள், அதில் எதை நம்பலாம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், எந்தப் படகு என்று சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டர் இறங்குகிற பெரிய கப்பல்கள் அல்ல. முப்பது அடியிலிருந்து நாற்பத்தைந்து அடி வரை நீளம். பிரான்சின் பெனட்டோ, ஜானோ, ஜெர்மனியின் பவேரியா, ஹான்சே, அமெரிக்காவின் கட்டலினா, ஹண்டர் போன்ற பெயர்கள். ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாக வார்த்து எடுப்பதால் விலை குறைகிறது. குறைந்த விலை என்றாலும் நாற்பது அடிப் படகு புதிதாக எடுத்தால் நம் பணத்தில் கோடிகளில் வரும். அதனால் நான் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள். பள்ளிக்கூட வாத்தியார், பல் டாக்டர், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருந்தவர்களும் உண்டு.

இதில் பெனட்டோவின் பிறப்பு நம் கடற்கரை ஆட்களுக்குப் பிடிக்கும். 1884-இல் பெஞ்சமின் பெனட்டோ என்பவர் பிரான்சின் மேற்குக் கரையில், க்ருவா த வீ என்ற மீன்பிடித் துறைமுகத்தில் ஆரம்பித்த பட்டறை அது. கட்டியது மீனவர்களுக்கான பாய்ப்படகுகள். மீனோடு யார் முதலில் கரை சேர்கிறார்களோ அவர்களுக்கே நல்ல விலை. அதனால் வேகமாக ஓடும் படகு கட்டினார். உல்லாசப் படகுக்கு அவர்கள் மாறியது 1960-களில்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். புதுப் படகு வாங்கி ஒரு வருஷம் ஆனவரிடம் கேட்டால் முகம் மலர்ந்து "கண்டிப்பாக இதேதான்" என்பார். அந்தப் பதிலை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. அந்த ஒரு வருஷத்தில் பெயிண்டின் பளபளப்பு போயிருக்காது, ஒரு நட்டு துருப்பிடித்திருக்காது. தவிர, இவ்வளவு பணம் போட்டவர் தவறான பொருளை வாங்கிவிட்டேன் என்று தன் மனைவி முன்னால் சொல்வாரா? இன்னொன்றும் இருக்கிறது. பிடிக்காமல் விற்றுவிட்டுப் போனவர் படகுத் துறையில் நமக்குப் பதில் சொல்ல நிற்க மாட்டார். நிற்கிறவர்களைக் கேட்டால் எல்லாப் படகும் நல்ல படகுதான்.

பத்து வருஷம் ஒரே படகை வைத்திருப்பவர்தான் எனக்கு வேண்டிய ஆள்.

ஷார்ஜாவில் ஒரு வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் தங்கள் படகைக் கொண்டுவந்தார்கள். முப்பத்தாறு அடி. கம்பெனிப் பெயர் வேண்டாம். மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் படுக்கைக்கு மேலே சொட்டுகிறது என்றார்கள். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி, மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் இடத்தில் கசிவு. நட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து இறுக்கினால் தீர்ந்தது. ஆனால் அந்த நட்டுக்குக் கை போகவில்லை. ஃபேக்டரியில் மேல்தளத்தை மூடுவதற்கு முன்பே உள்ளே அலமாரி, படுக்கை எல்லாவற்றையும் இறக்கிப் பொருத்திவிடுகிறார்கள். மேலே திறந்திருக்கும்போது வேலை சீக்கிரம் முடிகிறது, விலையும் குறைகிறது. மூடிய பிறகு அந்த அலமாரிக்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்க்க முடியாது. நான் அழகான தேக்கு வண்ண அலமாரியை இரண்டு நாள் அறுத்தேன். நட்டு வேலை அரை மணி நேரம்.

அன்று மாலை அவர்களிடம் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கணவர், "இதே கம்பெனிதான், ஆனால் இதற்கு முந்தைய மாடல்" என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அறுத்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் படகில் இந்த நட்டுக்கு என் கை போகுமோ, அதை வாங்குவேன்" என்றார். அதற்கப்புறம் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். கம்பெனியைக் கேட்பதை விட்டுவிட்டு, "பழுது பார்க்க எங்கே அறுக்க வேண்டியிருந்தது?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கு யாரும் பொய் சொல்வதில்லை. இடத்தையே விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

அடுத்தது, அடிப்பாகத்தில் வரும் கொப்புளம். தண்ணீரிலேயே கிடக்கும் ஃபைபர் படகில், ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே ஊறும். மேட்டை ஒட்டும் ரெசின் என்ற பிசின் சரியாக இறுகாமலோ மேட்டுக்குள் காற்று நின்றோ இருந்தால், அங்கே தண்ணீர் தங்கி ரசாயனத்தைக் கரைத்து அமிலமாக மாற்றும். கொப்புளத்தைக் குத்தினால் காடி வாசனை வரும். முதல் தடவை எனக்கு ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான கடலில் இது இன்னும் சீக்கிரம் வரும். தினமும் கரையேற்றிக் காயவைக்கும் நம் வள்ளத்துக்கு இது அதிகம் வராது. ஹார்பரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு வரும். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் ஒரு படகு அடியெல்லாம் கொப்புளமாகவும், பக்கத்தில் நிற்பது சுத்தமாகவும் இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவனுக்கு நல்ல வெயில் நாளில் பொறுமையான கை கிடைத்தது, இன்னொருவனுக்கு அவசரக் கை. பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்று.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்தப் படகுகளின் அடியில் கீல் என்ற கனத்த இரும்பு அல்லது ஈயப் பாகம் தொங்கும். நம் ஆசாரிகள் சொல்லும் ஏராவின் இடம்தான், ஆனால் டன் கணக்கில் எடை. காற்று தள்ளினாலும் படகு கவிழாமல் நிமிர்வது அதனால். அதை அடியில் போல்ட் போட்டு மாட்டுவார்கள். அந்த எடையைத் தாங்க, உள்ளே தனியாக வார்த்த ஃபைபர் சட்டத்தைப் பசையால் ஒட்டுவார்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக் கடலில் சீக்கி ரஃபீக்கி என்ற நாற்பது அடிப் படகின் கீல் கழன்று, நான்கு பேர் இறந்தார்கள். பெனட்டோவின் ஃபர்ஸ்ட் 40.7 என்ற மாடல். பிரிட்டிஷ் அரசின் விசாரணை அறிக்கையில் முக்கியமாக வந்த விஷயம் என்னவென்றால், படகு முன்பு பலமுறை தரை தட்டியிருந்தது, அதற்குப் பின் செய்த பழுதுகளும் சேர்ந்து அந்த ஒட்டைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்பது. ஒட்டு விட்டுப்போனால் வெளியே இருந்து கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதும் அதில் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்க வருகிறவரிடம் நான் கெஞ்சிக் கேட்பேன்: இது தரை தட்டியிருக்கிறதா, யார் பழுது பார்த்தார்கள், இதைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் ஒரே கம்பெனியை விடாமல் பிடித்திருப்பவர்கள் ஏமாந்தவர்களா? இல்லவே இல்லை. கட்டலினாவைப் பாருங்கள். ஃபிராங்க் பட்லர் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. அவர்களுடைய 22 அடிப் படகு 15,000-க்கு மேல் விற்றது. 30 அடிப் படகு 6,000-க்கு மேல். அந்த 30 அடியில் ஒரு குறை எல்லோருக்கும் தெரியும். பழைய படகுகளில் கீல் மாட்டும் இடத்துக்குள் பிளைவுட் இருக்கும். தண்ணீர் புகுந்தால் மரம் உளுத்து, கீலின் முன்பக்க ஓரத்தில் பிளவு திறக்கும். சிரிக்கும் வாய் மாதிரி இருப்பதால் அதற்குக் கட்டலினா சிரிப்பு என்றே பெயர். அவ்வளவு தெரிந்தும் அந்தப் படகுக்காரர்கள் விசுவாசமாக இருந்தார்கள். பட்லர் 2020-இல் இறந்தார். படகு வாங்கியவர்களின் போனை அவரே எடுத்துப் பேசுவார் என்று பெயர் வாங்கியிருந்தார். பழைய படகுக்கும் பாகம் கிடைத்தது. குறை எங்கே, எப்படிச் சரிசெய்வது என்பதைப் படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். மறைக்காத குறையோடு மனிதன் சமாதானமாக வாழ்ந்துவிடுவான்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் மாறிவிடுவதும் உண்டு. ஜானோவை 1995-இல் பெனட்டோ வாங்கியது. ஹண்டர் 2012-இல் கடனில் மூழ்கிக் கைமாறி, மார்லோ ஹண்டர் ஆனது. கடலுக்கு வெகுதூரத்தில், ஜெர்மனியின் உள்நாட்டில் கீபல்ஷ்டாட் என்ற ஊரில் இருக்கும் பவேரியா 2018-இல் திவால் மனு கொடுத்து, வேறு கைக்குப் போய் மீண்டது. 2005-இல் வாங்கினவர் இன்று "அதே கம்பெனி" என்று சொல்லும்போது எந்தக் கம்பெனியைச் சொல்கிறார்?

நம் பக்கத்து மலையாளி அபிலாஷ் டோமியை நினைத்துக்கொள்கிறேன். கோவாவில் கட்டிய துரியா என்ற படகில், 2018-இல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டிக்குக் கிளம்பி, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் உடைந்து, முதுகெலும்பில் அடிபட்டு, பிரெஞ்சுக் கப்பல் வந்து காப்பாற்றிய கதை தெரியும். படகைக் குறை சொல்ல முடியாது. அதே புயலில் ஓர் ஐரிஷ்காரரின் படகும் பாய்மரம் இழந்தது. 2022-இல் அதே போட்டிக்கு மறுபடி போனபோது அபிலாஷ் எடுத்தது ரஸ்லர் 36 என்ற வேறு வகை. 2018 போட்டியில் முதல் மூன்று இடத்துக்கு வந்தவர்கள் ஓட்டியதும் அந்தப் படகைத்தான். 2023 ஏப்ரலில் அபிலாஷ் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். ரஸ்லர் நான் சொல்லும் மலிவு வரிசையில் சேராது. ஆனால் உயிரைப் பணயம் வைப்பவர் பழைய பாசத்தைப் பார்க்காமல், எது திரும்பி வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மோட்டார் விஷயத்தில் நம் ஆட்கள் இப்படித்தான் யோசிக்கிறார்கள். எந்த ஜப்பான் கம்பெனி என்பதற்கு முன்னால், ஸ்பேர் குளச்சலில் கிடைக்குமா, ராத்திரி கூப்பிட்டால் மெக்கானிக் வருவானா என்று கேட்பார்கள். வள்ளம் வாங்கும்போது மட்டும் நிறத்தையும் நீளத்தையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். சங்கத்தில் கடன், நகை அடகு, எல்லாம் சேர்ந்த பணம் அது. இதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அக்கா மகனின் பழைய வள்ளத்தை அவன் கூடப் போய்ப் பார்த்தேன். எட்டு வருஷம் ஆன வள்ளம். மணலில் இழுத்து இழுத்து அடி தேய்ந்திருக்கிறது, அது வள்ளத்தின் குற்றமில்லை. அணியம், அதாவது முன்பக்கம், நன்றாக இருக்கிறது. பின்பக்கம், அமரத்தில் மோட்டார் மாட்டும் பலகையைத் தட்டினால் 'டொக் டொக்' என்று வர வேண்டும். போல்ட் ஓட்டையைச் சுற்றி 'தொப் தொப்' என்று வருகிறது. உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது. "எங்கே அறுத்தாய்?" என்று கேட்டேன். அதே இடத்தைக் காட்டி, "இங்க ரெண்டு தடவை அறுத்தாச்சு மாமா" என்றான். "யார்டுல சொன்னியா?" "சொன்னேன். முதலாளி ஆள் அனுப்பிக் காசு வாங்காமச் செஞ்சு குடுத்தாரு."

இரண்டு பதிலும் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டையைச் சரியாக அடைக்காமல் கொடுத்ததும் அந்த யார்டு, கேட்டவுடன் வந்து நின்றதும் அந்த யார்டு. அடுத்த வாரம் இரண்டு பேரும் அங்கே போகிறோம். மேல்தளம் மூடாத வள்ளம் ஒன்றைக் காட்டச் சொல்லி, அமரப் பலகையில் ஓட்டை போட்ட பிறகு ரெசின் தடவுகிறார்களா என்று பார்க்க வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வள்ளத்துக்கு மேட் ஒட்டிய பையன் இப்போது அங்கே இல்லை, தெற்கே வேறொரு யார்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுடைய போன் நம்பர் நேற்று கிடைத்தது. புறப்படுவதற்கு முன் முதலில் அவனைத்தான் கூப்பிடப் போகிறேன்.

வணக்கம்.