கர்ப்பத்துல எத்தனை கிலோ ஏறணும்? அட்டையில முதல் எடையைப் பாருங்க

வணக்கம்ங்க. "ஏழாம் மாசம் ஆச்சு, 5 கிலோதான் ஏறியிருக்கு, பரவாயில்லையா அக்கா?"ன்னு கேக்குற தங்கச்சிங்களுக்காகத்தான் இந்த வீடியோ. கூடவே உங்க மாமியாரையும் வீட்டுக்காரரையும் உக்கார வச்சுப் பாருங்க. அவங்ககிட்டயும் பேச வேண்டியது இருக்கு.

முதல்ல தாய் சேய் நல அட்டைய எடுங்க. முதல் செக்கப்புல நர்ஸம்மா எழுதின உயரம், எடை ரெண்டையும் பாருங்க. 150 செ.மீ. உயரம், 40 கிலோ எடைன்னா பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பாக்குற கணக்கு) 18.5க்கும் கீழ, அதாவது எடை குறைவு. அமெரிக்காவுல 2009ல வந்த வழிகாட்டுதல் கணக்குப்படி அந்தப் பொண்ணுக்கு 12.5ல இருந்து 18 கிலோ வரைக்கும் ஏறணும். அதே உயரத்துல 65 கிலோ இருக்கிறவங்களுக்கு 7ல இருந்து 11.5 கிலோ போதும். அந்த அளவு நம்ம உடம்புவாகுக்கு அப்படியே பொருந்துமான்னு டாக்டர்கள் மத்தியிலயே பேச்சு இருக்கு, அதனால உங்களுக்கான அளவ உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆனா பக்கத்து வீட்டுப் பொண்ணு எத்தனை கிலோ ஏறுனான்னு மட்டும் பாக்காதீங்க.

நம்ம நாட்டுல பிரச்சனை கர்ப்பத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. 2015ல வந்த ஒரு ஆய்வுல, இந்தியாவுல கர்ப்பமாகப் போற பொண்ணுங்கள்ல 100க்கு 42 பேர் எடை குறைவாத்தான் இருக்காங்கன்னு கணக்கிட்டிருந்தாங்க. கர்ப்பத்துல ஏறுறதும் சராசரியா 7 கிலோதான். நம்மளவிட வறுமை அதிகமா இருக்கிற பல ஆப்பிரிக்க நாடுகள்ல கூட இவ்வளவு பேர் ஒல்லியா இல்ல. அப்போ காசு மட்டும் காரணம் இல்லைன்னுதானே அர்த்தம்?

ராத்திரி நம்ம அடுப்படியப் பாருங்க. மாமனார், வீட்டுக்காரர், பசங்க எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சாச்சு. குழம்புல இருந்த காய், முட்டை எல்லாம் போயிடுச்சு. கடைசியா தட்டெடுக்கிறது மருமக. சட்டியோட அடியில இருக்கிற குழம்பும் மிஞ்சின சோறும்தான் அவளுக்கு. கேட்டா "எனக்கு இது போதும்"னு சொல்லிடுவா. இதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் நடத்துற நம்ம முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல குடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகமும் இப்படித்தான் ஆகுது: நெய் எல்லாருடைய தோசைக்கும், பேரீச்சம்பழம் பசங்களுக்கு. அங்கன்வாடி சத்துமாவும் வீட்டுக்கே பொதுவாயிடுது.

அம்மாமாரே, "நிறைய சாப்பிட்டா புள்ள பெருசாகி சுகப்பிரசவம் ஆகாது"ன்னு அக்கறையிலதான் சொல்றீங்க. ஆனா தாய்க்கு எடை ஏறலைன்னா குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவா பொறக்கிற ஆபத்து கூடுது. அதுக்காக ரெண்டு பேருக்குச் சாப்பிடவும் வேண்டாம். நாலாம் மாசத்துக்கு மேல ஒரு நாளைக்கு சுமார் 350 கலோரி கூடுதலா போதும். காலையில ஒரு முட்டை, சாயங்காலம் கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். பருமனா இருக்கிறவங்க, சர்க்கரை இருக்கிறவங்க மட்டும் டாக்டர் சொல்றபடி சாப்பிடுங்க.

இரும்புச்சத்து மாத்திரைய டீயோட போடாதீங்க, உடம்புல சரியா சேராது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. செங்கல் சூளை, களை எடுப்புன்னு நாள் பூரா வெயில்ல நிக்கிறவங்களுக்கு சாப்பாடெல்லாம் வேலையிலயே கரைஞ்சிடுது. ஏழாம் மாசத்துக்கு மேலயாவது தலைச்சுமையக் கொறைக்க வீட்டுக்காரர் வழி பண்ணணும்.

இன்னொண்ணு. எடை ஏறுறது எல்லாமே சந்தோஷப்படுற விஷயம் இல்ல. அஞ்சாம் மாசத்துக்கு மேல திடீர்னு ஒரே வாரத்துல 1 கிலோவுக்கு மேல ஏறி, முகம் கை வீங்கி, விடாத தலைவலி, கண்ணு மங்கல் இருந்தா அது ரத்தக் கொதிப்பா இருக்கலாம். அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி பிரஷர் பாருங்க. ராத்திரியா இருந்தாலும் 108க்குக் கூப்பிடுங்க.